தரவுத்தள சர்வரின் போர்ட் இணையத்துக்குத் திறந்திருந்தால்: கடவுச்சொல்லுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

கேள்வியின் சாரம் இது. கிளவுடில் உள்ள ஒரு சர்வரில் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் ஓடுகிறது. அதன் 5432 போர்ட், அதாவது வெளியிலிருந்து தரவுத்தளத்தோடு இணைய வரும் எண்ணிட்ட வாசல், இணையத்துக்குத் திறந்திருக்கிறது. ‘போஸ்ட்கிரெஸ் என்ற பயனருக்குக் கடவுச்சொல் சரிபார்ப்பு தோல்வி’ என்ற வரி லாகில் (சர்வரின் நிகழ்வுப் பதிவில்) நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் விழுகிறது. நிரலாளர்கள் வெவ்வேறு ஊர்களிலிருந்து தரவுத்தளத்தோடு நேரடியாக இணைய வேண்டியிருப்பதால் போர்ட்டை மூட முடியாதாம். போர்ட் எண்ணை மாற்றிவிட்டு, கடவுச்சொல்லை நீளமாக்கினால் போதுமா?

போதாது. ஆனால் ஏன் போதாது என்பது தெரிந்தால்தான் அடுத்து எதைச் செய்வது என்பதும் தெரியும் என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அந்த ஆயிரக்கணக்கான வரிகளைப் பார்த்து, யாரோ நம்மைக் குறிவைத்துவிட்டார்கள் என்று பலர் பதறுகிறார்கள். பெரும்பாலும் அப்படி யாரும் இல்லை. இணைய முகவரிகளின் பழைய வடிவமான ஐபிவி4-இல் மொத்தமே ஏறக்குறைய 430 கோடி முகவரிகள்தான். அவை அனைத்திலும் ஒரு குறிப்பிட்ட போர்ட் திறந்திருக்கிறதா என்பதை ஒரே கணினியிலிருந்து 45 நிமிடங்களுக்குள் தட்டிப் பார்த்துவிடலாம் என்று மிச்சிகன் பல்கலைக்கழகத்தினர் 2013-இல் ஜீமேப் என்ற கருவியை வெளியிட்டபோதே காட்டிவிட்டார்கள். தாக்குபவரின் நிரலுக்கு உங்கள் நிறுவனத்தின் பெயர்கூடத் தெரியாது. 5432 திறந்திருக்கும் முகவரிகளின் பட்டியலில் நீங்களும் ஒரு வரி, அவ்வளவுதான். ‘எங்களிடம் திருட என்ன இருக்கிறது’ என்ற சமாதானம் இங்கே எடுபடாததற்குக் காரணமும் இதுவே. தரவு வேண்டாம் என்றாலும் உங்கள் சர்வரின் சிபியூ நேரம் வேண்டும், அதில் கிரிப்டோ நாணயம் தோண்டலாம்.

போர்ட் எண்ணை மாற்றுவதால் லாகில் விழும் இரைச்சல் குறையும் என்பது உண்மை. அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் அதைப் பாதுகாப்பு என்று எண்ணிவிடக் கூடாது. தரவுத்தளங்கள் தங்களைத் தாங்களே அடையாளம் காட்டிக்கொள்பவை. மைஎஸ்க்யூஎல்லுடன் ஓர் இணைப்பை ஏற்படுத்தினாலே போதும், நாம் எதுவும் கேட்பதற்கு முன்பே அது தன் பதிப்பு எண்ணோடு வணக்கம் சொல்லும். போஸ்ட்கிரெஸ் அந்த அளவுக்கு வாயாடி அல்ல. ஆனால் குறியாக்கம் உண்டா என்று கேட்கும் எட்டு பைட் பாக்கெட்டை (சிறு தரவுப் பொதியை) அனுப்பினால், ‘எஸ்’ அல்லது ‘என்’ என்ற ஒற்றை எழுத்தைத் திருப்பி அனுப்பும். எந்த எண்ணில் ஒளித்து வைத்தாலும் அந்த ஓர் எழுத்தே காட்டிக்கொடுத்துவிடும்.

நீளமான கடவுச்சொல் அவசியம். ஆனால் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பதும் ஒரு நிரல்தான். அந்தக் கட்டத்தை எட்டுவதற்கு முன்பே சர்வர் வெளியிலிருந்து வரும் பைட்டுகளைப் படித்து, அவற்றுக்குப் பொருள் கண்டுகொண்டிருக்கிறது. அங்கே ஒரு பிழை இருந்தால் உங்கள் 40 எழுத்துக் கடவுச்சொல்லை யாரும் கேட்கவே மாட்டார்கள். 2013 ஏப்ரலில் போஸ்ட்கிரெஸ் அவசரமாகத் திருத்திய ஒரு பிழை இந்த வகை. இணைப்புக் கோரிக்கையில் தரவுத்தளத்தின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோட்டுடன் தொடங்கும் பெயரைக் கொடுத்தால், சர்வர் அதைக் கட்டளை விருப்பமாக எடுத்துக்கொண்டது. அதன் மூலம் தரவு அடைவில் உள்ள கோப்புகளைச் சேதப்படுத்த முடிந்தது. இதற்குக் கணக்கும் வேண்டாம், கடவுச்சொல்லும் வேண்டாம், போர்ட்டை எட்ட முடிந்தால் போதும். அதற்கு முந்தைய ஆண்டு மைஎஸ்க்யூஎல்லிலும் மரியாடிபியிலும் வெளிப்பட்ட பிழை இன்னும் விசித்திரமானது. சில கட்டமைப்புகளில், கடவுச்சொல்லை ஒப்பிட்டுக் கிடைக்கும் எண் ஒரு சிறிய மாறிக்குள் சுருக்கப்பட்டபோது, தவறான கடவுச்சொல்லும் சராசரியாக 256 முறைக்கு ஒரு முறை ‘சரி’ என்று ஆகிவிட்டது. ஏதாவது ஒரு கடவுச்சொல்லை வைத்துக்கொண்டு சில நூறு முறை தட்டினால் கதவு தானே திறந்தது.

இவற்றுக்கெல்லாம் மூத்தது 2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் புழு, அதாவது தானாகவே பரவும் தீநிரல். அது மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் 1433 போர்ட்டைத் தாக்கவில்லை. ஒரே இயந்திரத்தில் ஓடும் தரவுத்தள இன்ஸ்டன்ஸ்களில் (தனித்தனி ஓட்டங்களில்) எது எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று வழிகாட்டும் துணைச் சேவை, யூடிபி (முன்கூட்டி இணைப்பு ஏற்படுத்தாமல் பாக்கெட் அனுப்பும் முறை) 1434-இல் கோரிக்கைகளுக்காகக் காத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, அதைத்தான் தாக்கியது. 376 பைட்தான் அதன் அளவு, ஒரே பாக்கெட்டில் அடங்கியது. தொடக்கத்தில் 8.5 நொடிக்கு ஒரு முறை இரட்டிப்பாகி, அகப்படக்கூடிய கணினிகளில் பெரும்பாலானவற்றைப் பத்து நிமிடங்களுக்குள் பிடித்துவிட்டது. குறைந்தது 75,000 கணினிகள் பாதிக்கப்பட்டன. திருத்தம் ஆறு மாதங்களுக்கு முன்பே, 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது என்பதைக் கவனியுங்கள். அப்டேட்டுகளை உடனுக்குடன் போடும் பழக்கம் நல்லதுதான். ஆனால் திருத்தம் வெளியாகும் நாளுக்கும் அது உங்கள் சர்வரில் ஏறும் நாளுக்கும் இடையே எப்போதும் ஓர் இடைவெளி இருக்கும். அந்த இடைவெளியில் உங்களைக் காப்பது, போர்ட்டை யாரால் எட்ட முடிகிறது என்ற ஒன்று மட்டுமே.

இணைப்புகளின் எண்ணிக்கையையும் சொல்ல வேண்டும். போஸ்ட்கிரெஸின் இயல்பான உச்சவரம்பு 100 இணைப்புகள், மைஎஸ்க்யூஎல்லுக்கு 151. கடவுச்சொல்லைக் கொடுக்காமல் வாசலிலேயே நிற்கும் இணைப்பைப் போஸ்ட்கிரெஸ் இயல்பாக ஒரு நிமிடம் வரை பொறுத்துக்கொள்ளும். ஆகவே எதையும் உடைக்காமல், சும்மா வரிசையில் நின்றே உங்கள் செயலிக்கு இடமில்லாமல் செய்துவிட முடியும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது ‘கடவுச்சொல் வலுவாக இருக்கிறதா’ என்பதல்ல, ‘இந்தப் போர்ட்டை எந்தெந்த இயந்திரங்களால் எட்ட முடிகிறது’ என்பதே. இதற்குச் சர்வரின் உள்ளே ஒரு விடையும், வெளியே ஒரு விடையும் உண்டு. இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில்தான் விபத்து நேர்கிறது.

உள்ளே பார்ப்பதற்கு லினக்ஸில் ‘எஸ்எஸ்’ என்ற கட்டளை போதும். கேட்டுக்கொண்டிருக்கும் போர்ட்டுகளை அது வரிசையாகக் காட்டும். ஒரு வரியில் 127.0.0.1:5432 என்று இருந்தால் அந்த இயந்திரத்துக்குள்ளிருந்து மட்டுமே எட்ட முடியும். 0.0.0.0:5432 என்று இருந்தால் எல்லா வலை இடைமுகங்களிலும் கேட்கிறது என்று பொருள். இரட்டை முக்காற்புள்ளியோடு [::]:5432 என்று இருந்தால் புதிய முகவரி வடிவமான ஐபிவி6-க்கும் திறந்திருக்கிறது. கண்ணிலிருந்து அதிகம் தப்புவது இந்த மூன்றாவதுதான், ஏனெனில் ஐபிவி4-க்கு மட்டும் ஃபயர்வால் விதி எழுதிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் ஏராளம். போஸ்ட்கிரெஸ் இயல்பாக உள்முகவரியில் மட்டுமே கேட்கும். ‘லிசன் அட்ரஸஸ்’ என்ற அமைப்பில் யாரோ நட்சத்திரக்குறி போட்டதால்தான் அது வெளியே திறந்திருக்கும். மைஎஸ்க்யூஎல் 8.0 எந்த அமைப்பும் இல்லாவிட்டால் எல்லா முகவரிகளிலும் கேட்கும். டெபியன், உபுண்டு தொகுப்புகள் அதை 127.0.0.1 என்று கட்டுப்படுத்தித் தருகின்றன. செயலியும் தரவுத்தளமும் ஒரே இயந்திரத்தில் இருந்தால் வலை (டிசிபி) போர்ட்டே தேவையில்லை, இயந்திரத்துக்குள் மட்டும் செல்லும் யூனிக்ஸ் சாக்கெட் வழியாகவே பேசிக்கொள்ளலாம்.

இயல்பு அமைப்பு என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு மோங்கோடிபி என்ற தரவுத்தள மென்பொருள் சாட்சி. 2016 இறுதியிலும் 2017 ஜனவரியிலும் 27017 போர்ட்டில் கடவுச்சொல்லே இல்லாமல் திறந்து கிடந்த பல்லாயிரம் மோங்கோடிபி தரவுத்தளங்கள் துடைக்கப்பட்டு, அவற்றின் இடத்தில் பிட்காயின் கேட்கும் ஒரு சிறு குறிப்பு வைக்கப்பட்டது. பல சம்பவங்களில் தாக்கியவர்கள் தரவைப் பிரதி எடுக்கவே இல்லை, வெறுமனே அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். கொடுத்தவர்களுக்கும் எதுவும் திரும்பி வரவில்லை. அதே ஆண்டில் வந்த 3.6 பதிப்பிலிருந்து மோங்கோடிபி எல்லாத் தளங்களிலும் இயல்பாக உள்முகவரியில் மட்டும் கேட்கத் தொடங்கியது. நினைவகத்தில் தரவை வைக்கும் ரெடிஸ் அதற்கு முன்பே, 2016-இல் வந்த 3.2 பதிப்பில், கடவுச்சொல் இல்லாதபோது வெளி இணைப்புகளை மறுக்கும் பாதுகாப்பு நிலை ஒன்றைச் சேர்த்துவிட்டது.

இனி வெளியிலிருந்து கிடைக்கும் விடை. இங்கே என் சொந்த அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் பொறுப்பேற்றிருந்த ஒரு சர்வரில் ‘யூஎஃப்டபிள்யூ’ என்ற ஃபயர்வால் கருவியைக் கொண்டு 22, 443 தவிர எல்லாவற்றையும் மூடியிருந்தேன். நிலவரத்தைக் கேட்டால் ‘உள்வரவு மறுப்பு’ என்றே காட்டியது. தரவுத்தளம், நிரல்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர் என்ற கருவியின் ஒரு கன்டெய்னரில் ஓடியது. அதன் கம்போஸ் (அமைப்பு) கோப்பில், சர்வரின் 5432-ஐக் கன்டெய்னரின் 5432-உடன் இணைக்கும் ‘5432:5432’ என்று ஒரு வரி. ஒரு மாலை, கைப்பேசியின் இணையத்தைப் பகிர்ந்துகொண்டு என் மடிக்கணினியிலிருந்து எதேச்சையாக, போர்ட்டுகளைத் தட்டிப் பார்க்கும் என்மேப் கருவியை ஓட்டியபோது, 5432-க்கு நேரே ‘திறந்திருக்கிறது’ என்று வந்தது. முகவரியைத் தவறாகத் தட்டிவிட்டேன் என்று நினைத்து மீண்டும் ஓட்டினேன், அதே விடை. டாக்கர் தான் வெளியிடும் போர்ட்டுகளுக்கு லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான ஐபிடேபிள்ஸில் தன் சொந்த விதிகளை எழுதுகிறது. கன்டெய்னருக்குப் போகும் பாக்கெட்டுகள் முன்னனுப்பும் பாதையில் செல்வதால், யூஎஃப்டபிள்யூ காவல் காக்கும் உள்வரவு வாசலை அவை தொடுவதே இல்லை. அந்த வரியை ‘127.0.0.1:5432:5432’ என்று மாற்றியதும் மூடிக்கொண்டது. கன்டெய்னர்கள் தங்களுக்குள் மட்டுமே பேசிக்கொள்வதாக இருந்தால் அந்த வரியே வேண்டாம், டாக்கரின் உள்வலை போதும். எத்தனை நாள் அப்படித் திறந்து கிடந்தது என்று கணக்குப் பார்த்தபோது ஏழு வாரம். கடவுச்சொல் நீளமாக இருந்ததால் தப்பித்தேன். கடவுச்சொல் வீண் என்று நான் சொல்ல வராததற்கு இதுவும் காரணம்.

ஆகையால் ஃபயர்வால் விதி எழுதியதோடு வேலை முடிவதில்லை. அந்த வலையமைப்புக்குச் சம்பந்தமே இல்லாத ஓர் இணைப்பிலிருந்து, ஐபிவி4, ஐபிவி6 இரண்டிலும், எல்லா 65,535 போர்ட்டுகளையும் தட்டிப் பார்க்க வேண்டும்; ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் இதைத் தானாகவே செய்யுமாறு அமைத்துவிட்டால் இன்னும் நல்லது. விதியைப் பொறுத்தவரை, கிளவுடின் செக்யூரிட்டி குரூப்பிலும் (கிளவுட் சேவையே தரும் ஃபயர்வால்) சர்வரின் சொந்த ஃபயர்வாலிலும் ஒன்றையே சொல்லுங்கள்: செயலி சர்வரின் தனி முகவரியிலிருந்து 5432-க்கு அனுமதி, மற்ற எவருக்கும் இல்லை. ஒன்றில் தவறு நேர்ந்தாலும் மற்றது தடுக்கும். முடிந்தால் தரவுத்தள இயந்திரத்துக்குப் பொது முகவரியே கொடுக்காதீர்கள். செக்யூரிட்டி குரூப்பில் ‘சோதனைக்காகச் சற்று நேரம்’ என்று சேர்க்கப்படும் 0.0.0.0/0 (எங்கிருந்தும் வரலாம்) என்ற வரியைத் திரும்ப நீக்கியவர்கள் குறைவு.

‘நிரலாளர்கள் இணைய வேண்டுமே’ என்ற உங்கள் உண்மையான சிக்கலுக்கு வருகிறேன். அவர்கள் ஒவ்வொருவரின் வீட்டு முகவரியையும் அனுமதிப் பட்டியலில் சேர்ப்பது பார்வைக்கு எளிது. ஆனால் வீட்டு இணைப்புகளின் முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும். பத்தாவது முறை மாற்றச் சொல்லிக் கேட்கும்போது யாராவது சலித்துப்போய் ஒரு பெரிய வரம்பையே திறந்துவிடுவார்கள். இதைவிட நல்ல வழிகள் இரண்டு.

ஒன்று எஸ்எஸ்ஹெச் (குறியாக்கத்தோடு சர்வருக்குள் தொலைவிலிருந்து நுழையும் வழி) சுரங்கம். நிரலாளர் தன் கணினியின் 5433 போர்ட்டை, எஸ்எஸ்ஹெச் வழியாகச் சர்வரின் 127.0.0.1:5432-உடன் கோத்துக்கொள்கிறார். அவருடைய கருவி உள்ளூர்த் தரவுத்தளத்தோடு பேசுவதாகவே நினைத்துக்கொள்ளும். டிபீவர், பிஜிஅட்மின் போன்ற கருவிகளில் இதற்கான பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. எஸ்எஸ்ஹெச்சில் கடவுச்சொல் நுழைவை முடக்கி, சாவி மட்டுமே செல்லும் என்று வைக்க வேண்டும். இணையத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது எஸ்எஸ்ஹெச்சின் 22 மட்டுமே என்றால் காவல் காக்க வேண்டிய வாசலும் ஒன்றாகிறது.

மற்றொன்று, பத்துப் பேருக்கு மேல் இருந்தால் நான் பரிந்துரைப்பது, வயர்கார்ட் என்ற விபிஎன், அதாவது குறியாக்கம் செய்த தனி வலை. 2020-இல் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் 5.6-இலேயே சேர்ந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது அதன் மௌனம். சரியான சாவியில்லாமல் வரும் பாக்கெட்டுக்கு அது பதிலே சொல்லாது. வெளியிலிருந்து தட்டுபவருக்கு அங்கே ஒரு சேவை இருப்பதே தெரியாது. எட்டு பைட்டுக்கு ஓர் எழுத்தைத் திருப்பித் தரும் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒருவர் வேலையை விட்டுப் போனால் அவருடைய சாவியை நீக்கினால் போதும், பொதுக் கடவுச்சொல்லை மாற்றி எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

போர்ட்டை மூடிவிட்டு அதற்குப் பதிலாக, உலாவியிலிருந்தே தரவுத்தளத்தை நிர்வகிக்கும் பிஹெச்பிமைஅட்மின் போன்ற ஒரு வலைப்பக்கத்தை 443-இல் வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். ஓட்டை இடம் மாறியிருக்கிறது, அடைபடவில்லை.

இவ்வளவும் செய்தபின் தரவுத்தளத்தின் உள்ளே வரலாம். போஸ்ட்கிரெஸில் யார் எங்கிருந்து எப்படி நுழையலாம் என்பதை ‘பிஜி ஹெச்பிஏ’ கோப்பு முடிவு செய்கிறது. அது மேலிருந்து கீழாகப் படிக்கப்படும். பொருந்தும் முதல் வரியோடு நின்றுவிடும். மேலே ஒரு தளர்வான வரி இருந்தால் கீழே எழுதிய கட்டுப்பாடுகள் எல்லாம் அலங்காரம்தான். ‘டிரஸ்ட்’ என்ற சொல் ஒரு வலை முகவரிக்கு நேரே இருக்கவே கூடாது, அதற்குக் கடவுச்சொல் கேட்காமலே உள்ளே விடு என்று பொருள். ‘எம்டி5’ என்ற பழைய கடவுச்சொல் சரிபார்ப்பு முறை இருந்தால் அதை ‘ஸ்கிராம்-ஷா-256’ ஆக்குங்கள்; இது பதிப்பு 10-இலேயே வந்துவிட்டது. பழைய கடவுச்சொற்களை ஒருமுறை மாற்றி அமைத்தால்தான் அவை புதிய முறையில் சேமிக்கப்படும். ‘ஹோஸ்ட்’ என்பதற்குப் பதில் ‘ஹோஸ்ட்எஸ்எஸ்எல்’ என்று எழுதினால் குறியாக்கம் இல்லாத இணைப்பு அந்த வரியோடு பொருந்தாது. கீழே எந்தத் தளர்வான வரியும் இல்லாதபோது அது மறுக்கப்படும். செயலியின் பக்கத்திலும் சான்றிதழைச் சரிபார்க்கும் ‘வெரிஃபை-ஃபுல்’ நிலையை வையுங்கள். இயல்பான ‘பிரிஃபர்’ நிலை, குறியாக்கம் கிடைக்காவிட்டால் வெறுமனே இணைந்துவிடும்.

உயர்நிலைப் பயனரை (எல்லா உரிமைகளும் உள்ள சூப்பர்யூசரை) வலைவழியாக நுழைய விடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். போஸ்ட்கிரெஸில் ‘காப்பி’ கட்டளைக்கு ‘புரோகிராம்’ என்ற ஒரு வடிவம் உண்டு. உயர்நிலைப் பயனர் அதன் மூலம் சர்வரின் ஷெல்லில், அதாவது இயங்குதளத்துக்கே ஆணையிடும் இடத்தில், எந்தக் கட்டளையையும் ஓட்டலாம். இது பிழையல்ல, வசதியாக வைக்கப்பட்டதே. உங்கள் லாகில் ‘போஸ்ட்கிரெஸ்’ என்ற இயல்பான உயர்நிலைப் பயனரின் பெயரை இத்தனை முறை முயல்வதன் காரணம் இப்போது புரியும்: அவர்களுக்கு வேண்டியது உங்கள் அட்டவணைகள் அல்ல, அந்த ஷெல். எஸ்க்யூஎல் சர்வரில் ‘எஸ்ஏ’ என்ற உயர்நிலைக் கணக்கையும், கட்டளைகளை ஓட்டும் ‘எக்ஸ்பி கமாண்ட்ஷெல்’லையும் தேடி வருவதும் இதற்குத்தான். செயலிக்கென்று தனிப் பயனரை உருவாக்கி, அதற்குத் தேவையான அட்டவணைகளில் தேவையான உரிமைகளை மட்டும் கொடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் பயனர் பெயரோடு வரும் முகவரிப் பகுதியில் விழுக்காட்டுக்குறி மட்டும் இருந்தால் எங்கிருந்தும் வரலாம் என்று பொருள். அதைச் செயலி சர்வரின் முகவரியாகச் சுருக்குங்கள்.

தரவுத்தளத்தோடு கூட ஓடும் ரெடிஸ், மெம்கேஷ்டு போன்ற தற்காலிகச் சேமிப்புச் சேவைகளை மறந்துவிடாதீர்கள். 7-ஆம் பதிப்புக்கு முந்தைய, கடவுச்சொல் இல்லாத ரெடிஸின் 6379 திறந்திருந்தால், அதன் சேமிப்பு அடைவையும் கோப்புப் பெயரையும் மாற்றி, தாக்குபவர் தன் எஸ்எஸ்ஹெச் சாவியை, இயந்திரத்தின் முதன்மைப் பயனரான ரூட்டின் அனுமதிக் கோப்பாகவே எழுதிவிட முடியும். ரெடிஸ் ரூட்டாக ஓடிக்கொண்டிருந்தால் முழு இயந்திரமும் அத்தோடு போயிற்று. மெம்கேஷ்டின் யூடிபி 11211 திறந்திருந்தால் அடி விழுவது மற்றவர்களுக்கு, ஏனெனில் போலி முகவரியோடு வரும் சிறு கோரிக்கைக்கு அது பெரிய பதிலை அந்த முகவரிக்கே அனுப்பும். 2018 பிப்ரவரி 28 அன்று அப்படித் திறந்து கிடந்த சர்வர்களைக் கொண்டு, நிரல்களைச் சேமிக்கும் தளமான கிட்ஹப் மீது நொடிக்கு 1.35 டெராபிட் அளவுக்குப் பாக்கெட்டுகள் கொட்டப்பட்டன.

திரும்பத் திரும்பத் தோற்கும் முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் போன்ற கருவிகளைப் பற்றிப் பலர் கேட்பதுண்டு. எஸ்எஸ்ஹெச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். தரவுத்தளப் போர்ட்டுக்கு அது தேவைப்படுகிறது என்றால் மேலே சொன்ன ஏதோ ஒன்றை நீங்கள் செய்யவில்லை. லாகைப் பொறுத்தவரை, தோல்வியடைந்த நுழைவுகளைவிட வெற்றி பெற்ற நுழைவுகளைப் பதிவு செய்வதே முக்கியம்: நள்ளிரவில் அறியாத முகவரியிலிருந்து முதல் முயற்சியிலேயே வெற்றிகரமாக நுழைந்த ஒரு வரி, பத்தாயிரம் தோல்விகளைவிடக் கவலைக்குரியது. காப்புப்பிரதியைத் தரவுத்தள சர்வர் அனுப்புவதாக வைக்காமல், வேறோர் இயந்திரம் வந்து எடுத்துச் செல்வதாக வையுங்கள். அப்போது சர்வரைப் பிடித்தவருக்குப் பிரதிகளை அழிக்கும் வழி இருக்காது.

கடைசியாக, உங்கள் போர்ட் ஏற்கெனவே பல நாள் திறந்திருந்தது என்பதால், மூடியவுடன் சில இடங்களைப் பார்த்துவிடுங்கள். பயனர் பட்டியலில் நீங்கள் உருவாக்காத பெயரோ, எதிர்பாராத உயர்நிலை உரிமையோ இருக்கிறதா; போஸ்ட்கிரெஸ் என்ற லினக்ஸ் பயனரின் கிரான் அட்டவணையில் (குறித்த நேரத்தில் தானாக ஓடும் வேலைகளின் பட்டியலில்) ஏதாவது வரி இருக்கிறதா, சாதாரணமாக அது காலியாகவே இருக்கும்; அதன் எஸ்எஸ்ஹெச் அடைவில் புதிய சாவி முளைத்திருக்கிறதா; தற்காலிக அடைவில் இயங்கக்கூடிய கோப்புகள் உள்ளனவா; சிபியூவை முழுவதுமாக விழுங்கிக்கொண்டு, கெர்னல் பணிபோலப் பெயர் வைத்துக்கொண்ட ஏதாவது அந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதா. இவற்றில் ஒன்று அகப்பட்டாலும் அந்த இயந்திரத்தைச் சுத்தம் செய்ய முயல வேண்டாம். புதிய இயந்திரம் ஒன்றை அமைத்து, திறப்பதற்கு முந்தைய காப்புப்பிரதியோடு ஒப்பிட்டுத் தரவை மட்டும் கொண்டுவந்து, அந்த சர்வரில் இருந்த எல்லாக் கடவுச்சொற்களையும், செயலியின் அமைப்புக் கோப்பில் கிடந்த மற்றச் சேவைகளின் சாவிகளையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.